கொறங்காட்டிலிருந்து சீமைக் கருவேலத்தை அகற்றிய அனுபவம்

கொறங்காடு என்னும் மேய்ச்சல் காட்டில் சீமைக் கருவேலத்தை எடுத்துத் திருத்த நினைக்கிறவர்கள் எங்களிடம் வந்து முதலில் கேட்பது, ஜேசிபிக்கு மணிக்கு என்ன வாடகை கொடுத்தீர்கள் என்பதைத்தான். வாடகையை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டால் சில வருடங்களில் அவர்கள் காட்டில் மறுபடியும் சீமைக் கருவேலம் நிற்கும். அதனால் நான் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் ஆடுகள் சித்திரை, வைகாசியில் எங்கே மேய்கின்றன? வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட எங்கள் ஊரில், பங்காளி வீடுகளும் அடுத்தடுத்த காட்டுக்காரர்களும் சேர்ந்து எங்கள் கொறங்காடுகளையும் ஊர்க் குட்டையையும் திருத்தினோம். அதை எப்படிச் செய்தோம் என்பதை, செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்படி இங்கே எழுதி வைக்கிறேன்.

கொறங்காட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிறது. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தால் நல்ல வருடம் என்போம். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான். செம்மண்ணும் சரளையுமான இந்த நிலத்தில் ஆண்டுதோறும் உழுது விதைப்பதைவிடப் புல்லை வளர்த்து மாடும் ஆடும் மேய்ப்பதே நிலைக்கும் என்று முன்னோர் கண்டுகொண்டார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், அதனூடே நரிப்பயறும் செப்பு நெரிஞ்சியும், ஆங்காங்கே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடு இந்த மேய்ச்சலில் வளர்ந்த மாடு. ஒரு காட்டை மேய்ந்து முடித்தால் படலைச் சாத்திவிட்டு அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். மேய்ந்த காடு மழை வரும்வரை ஓய்வெடுக்கும். கோடையில் புல் தீர்ந்துபோகும்போது வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டின் வயிற்றை நிரப்பும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் சீமைக் கருவேலம் நுழைந்தது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த மரம். ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து 1877-இல் கடப்பா மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைத்ததாக வனத்துறைப் பதிவுகள் சொல்கின்றன. வறண்ட நிலத்துக்கு விறகு தரும் மரமாகத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வேலையை அது செய்யவும் செய்தது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இன்றும் அடுப்பு அதில்தான் எரிகிறது. அதனால் அதைப் பேய் மரம் என்று ஏசும் பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே தடுக்கிறது, அதன் நிழலில் கட்டிய மாடு மலடாகிறது என்றெல்லாம் கைப்பேசியில் சுற்றும் செய்திகளுக்கு ஆதாரம் கிடையாது. உண்மையான கெடுதல்களே போதும். அது அடர்ந்த இடத்தில் கொழுக்கட்டைப் புல் நிற்காது. அதன் முள் மாட்டின் கண்ணையும் ஆட்டின் மடியையும் கிழிக்கும். மேய வேறு எதுவும் இல்லாமல் அதன் காயையே நாள்கணக்கில் தின்னும் மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் தாடை நரம்பு கெட்டு, தாடை தொங்கி, அசைபோட முடியாமல் உடல் உருகிப்போகும். கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய் இது.

மரத்தில் கை வைப்பதற்கு முன் விறகெடுக்கும் வீடுகளோடு பேசினோம். இதைச் செய்யாமல் தொடங்கும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். காடு வைத்திருப்பவர்கள் கூடித் தீர்மானம் போடுகிறார்கள். காடே இல்லாதவர்களின் அடுப்பு அணைகிறது. எங்கள் ஊரில் அந்த வீடுகளிலிருந்து வந்த பெண்கள் தெளிவாகவே பேசினார்கள். பெரிய மரத்தை வியாபாரிக்குக் கொடுங்கள், கை பருமன் விறகு எங்களுக்கு வேண்டும், குட்டையில் கொஞ்சம் நிற்கட்டும் என்றார்கள். அதன்படியே குட்டையின் கீழ்க்கரையில் ஒரு துண்டை விட்டுவைத்தோம். அதைப் பூப்பதற்கு முன் கழித்து விறகாக எடுத்துக்கொள்வது, காய்க்க விடுவதில்லை என்பது நிபந்தனை. அந்தத் துண்டை அவர்களே கவனிக்கிறார்கள். இன்றுவரை அங்கே ஒரு காய்கூட முற்றவில்லை. ஊர் முழுக்கச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று அடம் பிடித்திருந்தால் இந்த உதவி எங்களுக்குக் கிடைத்திருக்காது.

அடுத்தது, எதை வெட்டுவது, எதை விடுவது என்று அடையாளம் போடும் வேலை. அவசரத்தில் நாட்டுக் கருவேலமும் வெள்வேலமும் சேர்ந்து சாய்ந்துவிடும். ஜேசிபியின் மேல் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே முள்மரம்தான். காய் இருக்கும் காலத்தில் பார்த்தால் பிழையே வராது. நாட்டுக் கருவேலத்தின் காய் மணிமணியாக இடைசுருங்கி, மாலை கோத்தாற்போல் சாம்பல் படர்ந்து தொங்கும். சீமைக் கருவேலத்தின் காய் சற்றே வளைந்து, பழுத்தால் வைக்கோல் நிறத்தில், கடித்தால் இனிக்கும். பூவிலும் வேறுபாடு உண்டு. நாட்டுக் கருவேலத்துக்கு மஞ்சள் உருண்டை. வெள்வேலத்துக்கு வெளிர்ந்த சின்ன உருண்டைகள் கொத்துக் கொத்தாகக் கிளை நுனியில். சீமைக் கருவேலத்துக்கு விரல் நீளப் பூச்சரம். வெள்வேலத்தின் பட்டை தூரத்திலிருந்தே வெளுத்துத் தெரியும். வன்னி மரத்தை மட்டும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். அதுவும் சீமைக் கருவேலத்துக்கு உறவுதான். பூச்சரமும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். கொடுமுடி மகுடேசுவரர் கோயிலின் வன்னியைக் கும்பிட்டுவிட்டு வந்து காட்டில் அதன் கன்றைப் பிடுங்கிப் போடுவது நடக்கக் கூடியதே. விட வேண்டிய மரங்களுக்கெல்லாம் இடுப்பு உயரத்தில் சுண்ணாம்புப் பட்டை அடித்தோம். பட்டை அடிப்பதில் என் அத்தையும் அவர் வயதுப் பெண்களும் முன்னே நடந்தார்கள். ஆடு மேய்த்துப் பழகிய கண்களுக்கு முழங்கால் உயரக் கன்றிலேயே வித்தியாசம் தெரிகிறது.

குட்டை வேலை தனிக் கதை. புறம்போக்கு மரத்தை ஊரார் நினைத்த மாத்திரத்தில் வெட்ட முடியாது. மே 1 கிராம சபையில் தீர்மானம் போட்டு, மரங்களுக்கு மதிப்புப் போட வைத்து, ஏலம் விட்டுத்தான் தொடங்க முடிந்தது. தாள் நகர்ந்த வேகத்தைப் பற்றி எழுதிப் பயனில்லை. ஆனால் ஏல நிபந்தனையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். பக்கத்து ஊர்க் குட்டை ஒன்றில் ஏலம் எடுத்தவர் மரத்தைத் தரைமட்டத்துக்கு அறுத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். காசு இருப்பது மரத்தில். மண்ணில் நிற்கும் அடிக்கட்டையான தூரில் அவருக்கு ஒன்றுமில்லை. அடுத்த மழையில் ஒவ்வொரு தூரிலிருந்தும் கற்றையாகத் துளிர்த்து, ஒற்றை மரம் நின்ற இடத்தில் புதர் நின்றது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டபோது தென்மாவட்டங்களில் அத்தனை வேகமாக வெட்டப்பட்டும், வெட்டிய பல இடங்கள் மீண்டும் பச்சையானதற்கும் இதுவே காரணம். ஆகவே எங்கள் ஏலத்தில் "தூரோடு அகற்றிக் குழியை மூடித் தர வேண்டும்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லி நின்றோம். ஏலத் தொகை அதனால் குறைந்தது. குறைந்தாலும் பரவாயில்லை என்று சபையில் பேசி ஒப்புக்கொள்ள வைத்ததுதான் அந்த வேலையிலேயே பெரிய வெற்றி என்று நினைக்கிறேன். 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் தாவரங்களுக்கென வெளியிட்ட கொள்கையும் வெட்டுவதோடு நிற்கவில்லை. வாழிடத்தை மீட்பதையும் தலைப்பிலேயே வைத்திருக்கிறது.

குட்டை வேலையைக் கோடையில் வைத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் பறவைகள். நீர் நிற்கும் மாதங்களில் கொக்குகளும் நீர்க்காகங்களும் குட்டைக்குள் நிற்கும் முள்மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. அப்போது இயந்திரத்தை இறக்குவது பாவம். நடுக்குட்டையில் நின்ற நாட்டுக் கருவேலங்கள் எல்லாவற்றையும் சுண்ணாம்புப் பட்டையோடு அப்படியே விட்டோம்.

இனித் தூரெடுக்கும் முறை. இந்த மர இனத்தின் வேர் எவ்வளவு ஆழம் போகும் என்று கேட்டால் பயமாக இருக்கும். அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் இதன் சுற்றத்தைச் சேர்ந்த மரத்தின் வேரை 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அத்தனை ஆழம் நாம் போக வேண்டியதில்லை. மறுபடி துளிர்க்கும் மொட்டுகள் எல்லாம், தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில், மண்ணுக்குள் ஓர் அடிக்கு உட்பட்டே உறங்குகின்றன. அந்தக் கழுத்தை முழுதாக எடுத்துவிட்டால் கீழே அறுபட்டுக் கிடக்கும் வேரிலிருந்து மரம் வராது. இது புரிந்த பிறகு எங்கள் செலவு கணிசமாகக் குறைந்தது. வாளியின் பற்களைக் கழுத்துக்குக் கீழே கொடுத்து, இரண்டு பக்கமும் அசைத்து, மேலே நெம்பினால் தூர் வந்துவிடும். ஜேசிபி ஓட்டிய தம்பி முதல் குழியைப் பார்த்துவிட்டே, "அக்கா, இதற்குக் கீழே தோண்டினால் டீசல்தான் வீண்" என்று சொல்லிவிட்டார். எடுத்த தூரை வேர்ப்பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்து வெயிலில் போட வேண்டும். கழுத்து மண்ணில் படும்படி கிடந்தால், ஈரம் கண்டதும் துளிர்க்கப் பார்க்கும்.

இயந்திரம் தொடை பருமனுக்கு மேற்பட்ட மரங்களுக்கு மட்டும் போதும். அதற்குக் கீழே எல்லாமே கடப்பாரையும் மண்வெட்டியும் கோடரியும்தான். காடு முழுவதும் சக்கரத்தை ஓட்டி மேல்மண்ணைப் புரட்டினால் புல்லின் வேர் சாகும், அடியில் கிடக்கும் களை விதை மேலே வரும். கைவேலைக்கு நாங்கள் கண்ட நல்ல நேரம் மழை பெய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும். முழங்கால் உயரக் கன்று, கையுறை போட்டு அடியைப் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வரும். ஒரு வாரம் காய்ந்துவிட்டால் அதே கன்று தண்டு அறுந்து கையோடு வந்துவிடும். கழுத்து உள்ளே நின்றுகொள்ளும். மழை இல்லாத நாளில் செய்தே தீர வேண்டுமென்றால் முந்தின மாலை அடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். முள்ளை அசட்டையாக நினைக்க வேண்டாம். குத்தி உள்ளே முறிந்தால் சீழ் வைத்து நாள்கணக்கில் நடக்க விடாது. தடித்த டயர் செருப்பும் முழங்கை வரை மூடும் கையுறையும் இல்லாமல் யாரையும் வேலைக்குள் விடவில்லை.

எங்களை அதிகம் சோதித்தது கிளுவை வேலி. ஆடு மேய்ந்துவிட்டு வெயிலுக்கு வேலியோரமாகப் படுக்கும். அங்கேயே புழுக்கை போடும். அதனால் வேலிக்குள்ளேயே சீமைக் கருவேலம் வரிசையாக முளைத்து, கிளுவையோடு பின்னிக் கிடந்தது. ஜேசிபியைக் கொண்டுபோனால் முப்பாட்டன் காலத்து உயிர்வேலி போய்விடும். ஒவ்வொன்றாகக் கையால்தான் எடுத்தோம். முதலில் அரிவாளால் மேலே கழித்து, கிளுவைக்குக் கயிறு கட்டி ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, கடப்பாரையால் அடியைச் சுற்றித் தோண்டி, கழுத்துக்குக் கீழே கோடரியால் அறுக்க வேண்டும். ஒருவர் இழுத்துப் பிடிக்க, ஒருவர் தோண்ட, ஒருவர் முள்ளை வாரிப் போட என்று மூன்று பேராகச் சேர்ந்தால் வேலை ஓடும். எடுத்த சந்தில் அன்றே கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டு மண்ணை மிதித்துவிட வேண்டும். சந்து திறந்து கிடந்தால் பக்கத்துக் காட்டு ஆடு உள்ளே வரும், விதையும் கூடவே வரும்.

விறகைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: பருத்த மரம் திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைக் கொதிகலன்களுக்குப் போகிறது. எடைமேடைச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டதில், எங்கள் காடுகளில் விறகு விற்ற பணம் இயந்திர வாடகையில் பாதிக்குச் சற்று மேல் வந்தது. மீதியைக் காட்டின் பரப்பைப் பொறுத்துப் பங்கிட்டுக்கொண்டோம். கைவேலைக்குக் கூலி கிடையாது. இன்று உன் காட்டில், நாளை என் காட்டில் என்று வீட்டுக்கு இருவராக மாற்றாள் முறையில் செய்தோம். அடர்ந்து நிற்கும் காடாக இருந்தால் விறகுப் பணம் கூடுதலாக வரும். இளங்கன்றாகப் பரவிக் கிடக்கும் காட்டில் விறகு தேறாது, வேலை மட்டும்தான். அந்த நிலையில் இருக்கும் காட்டைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் துணிந்த கருத்து. இன்னும் கெடாத காட்டைக் காப்பாற்றச் சிறிது உழைப்பு போதும். முற்றாக மூடிப்போன காடு இன்னும் ஐந்து வருடம் காத்திருந்தாலும் அதைவிடக் கெட்டுவிடாது.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன். இந்த வேலை பேச்சில் இருந்தபோதே அத்தை என்னிடம், "கண்ணு, விதைக்கிறது ஆடு. நீங்கள் எல்லோரும் மரத்தோடு சண்டை போடுகிறீர்கள்" என்றார். அவர் சொன்னதை எங்கள் பட்டியில் கண்ணால் பார்த்தேன். கோடைப் புழுக்கையை வாரிச் சாக்கில் உதறிப் பார்த்தால் இரண்டு விதைகள் கலந்து கிடக்கின்றன: வெள்வேலமும் சீமைக் கருவேலமும். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் காய் உதிர்க்கின்றன, ஒரே வயிற்றுக்குள் போகின்றன, ஒரே காட்டில் விழுகின்றன. கொறங்காட்டில் வெள்வேலம் பெருகியதே இந்த ஆட்டு வழியால்தான். காயைத் தின்ற ஆடு விதையைக் காடெங்கும் போட, யாரும் நடாமலே மரம் வந்தது. அதே வழியில்தான் சீமைக் கருவேலமும் வந்து ஏறிக்கொண்டது. அதன் விதைத்தோல் கடினமானது. மாடு மெல்லாமல் விழுங்கும் விதை பெரும்பாலும் உயிரோடு வெளியேறுகிறது; செம்மறியின் வாயிலும் வயிற்றிலும் அதைவிடக் கூடுதலாகச் சிதைகிறது, ஆனாலும் முளைக்கப் போதுமான அளவு மிஞ்சுகிறது. மண்ணில் விழுந்த விதை பத்து வருடம்கூட உறங்கிக் கிடந்து முளைக்கும். ஆக, மரத்தை எடுத்த அன்றே காட்டில் அடுத்த தலைமுறை மண்ணுக்குள் இருக்கிறது. மேலும் விதை வராமல் தடுத்தால்தான் அந்த இருப்பு என்றாவது தீரும்.

அதற்கு நாங்கள் வைத்த ஒழுங்கு இது. காய் பழுக்கும் மாதங்களில் திருத்திய காட்டுக்கும் திருத்தாத காட்டுக்கும் ஒரே நாளில் ஆட்டை மாற்றி ஓட்டுவதில்லை. வெளியே மேய்ந்த ஆடும், கன்னிவாடிப் பக்கமிருந்தோ வேறு சந்தையிலிருந்தோ புதிதாக வாங்கிவந்த ஆடும், ஒரு வாரத்துக்கு மேல் பட்டியிலேயே வெட்டிப் போட்ட தீனி தின்று வயிற்றைக் காலி செய்த பிறகுதான் காட்டுக்குள் போகும். பட்டிப் புழுக்கையை நேராகக் காட்டில் கொட்டாமல், குவித்து நனைத்து மக்க வைத்து, தோட்டத்துக்கு மட்டும் போடுகிறோம். தோட்டத்தில் முளைத்தால் களைவெட்டும்போது போய்விடும். கிடை போட வருகிறவர்களிடம் முந்தின வாரம் எங்கே மேய்த்தீர்கள் என்று கேட்டுவிட்டே படல் ஊன்ற விடுகிறோம். கேட்பதில் முகம் கோணாமல் இருக்க வேண்டும். அவர்களுக்கும் இது பழகிவிட்டது.

கோடையில் தீனிக்கு என்ன செய்வது என்ற கேள்வி உடனே வரும். சீமைக் கருவேலங்காய் சத்தான தீனி, அதை முழுதாகத் துறக்க வேண்டியதில்லை. மரத்தடியில் உதிர்வதை ஆடு எட்டுவதற்கு முன் கூட்டி அள்ளி, நன்றாகக் காய வைத்து, விதையும் நொறுங்கும்படி மாவாக அரைத்து, மற்றத் தீனியோடு அளவாகக் கலந்து கொடுக்கலாம். அரைபட்ட விதை முளைக்காது. காயில் ஈரம் இருந்தால் அதன் இனிப்பு பிசினாகி அரவை இயந்திரத்தை அடைத்துவிடும். ஆகவே கையில் ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காய வேண்டும்.

முதல் ஐப்பசி மழைக்குப் பிறகு காட்டைப் பார்க்கிறவர்கள் மனம் தளர வேண்டாம். நாங்கள் திருத்திய இடமெல்லாம் சீமைக் கருவேல முளை கீரைப்பாத்தி போலக் கிளம்பியது. அது மண்ணிலிருந்த பழைய விதை. இரண்டு இலை, நாலு இலையில் இருக்கும்போது மண்வெட்டியால் மேலாகச் செதுக்கினாலே செத்துவிடும். அந்த வயதில் விட்டுவிட்டால் அடுத்த வருடம் கடப்பாரை வேண்டியிருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

முளையோடு முளையாக, புரண்ட மண்ணிலெல்லாம் பார்த்தீனியம் வந்தது. இதில் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதன் பூந்தூளும் இலையும் தோலில் தடிப்பையும் சிலருக்கு மூச்சுத் திணறலையும் தருகின்றன. ஒருமுறை ஒவ்வாமை வந்தவருக்குப் பிறகு அருகில் போனாலே வரும். கையுறையும் முகத்துண்டும் போட்ட பெரியவர்கள், பூப்பதற்கு முன், ஈர மண்ணில் வேரோடு பிடுங்கிக் குழியில் மக்க வைத்தோம். பூத்துவிட்டால் ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும். சாலையோரத்திலும் புல் இல்லாத களத்து ஓரத்திலும், லிட்டருக்கு 200 கிராம் கல்லுப்பைக் கரைத்து வெயில் நேரத்தில் இலை நனையத் தெளித்தோம், கருகிவிட்டது. மேய்ச்சல் நிலத்தில் உப்புக் கரைசல் கூடாது, புல்லும் போய்விடும். மழைக்காலத்தில் பார்த்தீனிய இலையை அரித்துத் தின்னும் வெளிர் மஞ்சள் வண்டுகள் தென்பட்டால் கொல்ல வேண்டாம். மெக்சிகோவிலிருந்து தருவித்து 1984-இல் பெங்களூரில் விடப்பட்ட இனத்தின் வழிவந்தவை அவை. அவை உதவும், ஆனால் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் உறங்கிவிடுவதால் அவற்றை மட்டும் நம்ப முடியாது. கடைசியில் பார்த்தீனியத்தை அடக்கியது புல்தான்.

கொழுக்கட்டைப் புல்லின் விதையைக் கடையில் தேடி அலைய வேண்டாம். நல்ல கொறங்காடு அக்கம்பக்கத்தில் ஒன்றாவது இருக்கும். மழைக்குப் பின் கதிர் முற்றும்போது, கையால் உருவினால் பஞ்சுபோல் வரும். உருவிய உடனே விதைத்தால் முளைக்காது. பல மாதம் உறக்கம் கழிய வேண்டும். அதனால் தை மாதம் உருவியதைக் காய வைத்துச் சாக்கில் கட்டிப் புரட்டாசி வரை வைத்திருந்தோம். விதை காற்றில் பறக்கும். ஈர மணலைக் கலந்து பிசைந்து தூவினால் விழும் இடத்தில் நிற்கும். ஆழமாக மூடக் கூடாது. வெட்டிக் கிடந்த சீமைக் கருவேலக் கிளைகளைக் கற்றையாகக் கட்டி, எருதுகளைப் பூட்டிக் காட்டின் மேல் இழுத்தோம். முள் மண்ணைக் கீறி விதையை மெல்ல மூடியது. இயந்திரம் தூரெடுத்த குழிகளில் மழைநீர் தேங்கியதால் அந்த வட்டங்களில் புல் முதலில் பச்சை கட்டியது.

வெள்வேலத்துக்கு ஆட்டுப்பட்டியில் பொறுக்கிய விதையே சிறந்தது. வயிற்றுக்குள் போய்வந்த தோல் இளகியிருக்கும். இரண்டு விதையும் கலந்திருப்பதால் பொறுக்குவது பொறுமையான வேலை. சந்தேகம் இருந்தால் மரத்திலிருந்தே காயைப் பறித்து உடைத்து, கொதிக்க வைத்து இறக்கிய தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, ஓரிரவு ஊறியதும் ஊன்றலாம். முளைத்த கன்றைச் சுற்றிக் காயில்லாத சீமைக் கருவேல முள்ளை வட்டமாக அடுக்கி வைத்தால் ஆடு, மயில், முயல் எதுவும் அண்டாது. அடர்த்தியாக நட வேண்டாம். கொறங்காடு தோப்பாகிவிட்டால் புல்லுக்கு வெயில் கிடைக்காது.

விதைத்த காட்டை முதல் வருடம் மூடியே வைத்திருந்தோம். புல் கதிர் விட்டு, விதை தரையில் விழும்வரை ஒரு வாய்கூட உள்ளே போகக் கூடாது. ஆட்டை நம்பிப் பிழைக்கும் வீட்டுக்கு இது பெரிய பாரம். திருத்தல் முடிந்த வீட்டு ஆடுகளுக்கு மற்ற வீட்டுக் காடுகளில் மேய இடம் கொடுத்தோம். அடுத்த வருடம் அது மாறியது. எல்லாக் காட்டையும் ஒரே வருடத்தில் திருத்தியிருந்தால் ஆட்டை விற்க வேண்டி வந்திருக்கும். சிறு சிறு துண்டாக எடுத்தது நிதானத்துக்காக மட்டும் இல்லை, இந்தக் கணக்குக்காகவும்தான்.

இப்போதைய நிலை: முதலில் திருத்திய காடுகளில் புல் மூடியிருக்கிறது, ஐப்பசி முளை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது, ஆனாலும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு சுற்று நடக்கத்தான் வேண்டியிருக்கிறது. நரிப்பயறு தானாகவே திரும்பியிருக்கிறது. அத்தை அதைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டுக் காட்டியபோது, வாங்கிவந்து விதைக்காத ஒன்று மண்ணிலேயே காத்திருந்ததைக் கண்டு எனக்குத் தாளாத மகிழ்ச்சி. கிளுவைச் சந்துகளில் போத்து பாதிக்கு மேல் பிடித்துவிட்டது. பிடிக்காத இடங்களில் மறுபடி நட்டிருக்கிறோம். குட்டையில் தூரெடுத்த பகுதி சுத்தமாக நிற்கிறது. மேல்கரையின் கல் பாவிய இடுக்குகளில் மட்டும் சில தூர்கள் துளிர்க்கின்றன. அவற்றை நெம்பினால் கரை பெயரும் என்பதால், துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக் களைக்க வைத்துக்கொண்டிருக்கிறோம்.

மிச்சமிருக்கும் பெரிய வேலை எங்கள் காடுகளுக்குத் தெற்கே இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வாங்கிப்போட்ட நிலம், வேலி இல்லை, சீமைக் கருவேலம் அடர்ந்து நிற்கிறது. கோடையில் ஊர் ஆடெல்லாம் அங்கேதான் போகிறது. உரிமையாளர்களில் ஒருவர் ஓரத்து மரங்களை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். மற்றவரிடம் மாமாவும் பங்காளிகளும் பேசிவருகிறார்கள். எல்லையோரமாக ஒரு பட்டையை மட்டுமாவது பங்குனிக்குள் எடுத்து, கிளுவைப் போத்து ஊன்றிவிட வேண்டும். சித்திரை பிறந்தால் காய் உதிரத் தொடங்கிவிடும்.